பொய் சொன்னதுண்டா என்றொரு கேள்வி

பினாங்கில் எல்லோரும் நல்லவர்கள். நான் சொல்லவில்லை, நான் சரிபார்த்த படிவங்கள் சொல்கின்றன. வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேள்வி கேட்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். சூலியா தெருவில், நாணயமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். எங்கள் படிவங்களின்படி இந்த ஊரில் குப்பையைப் பிரித்துப் போடாத வீடே கிடையாது. என் மேசைக்குப் பின்னால் ஒரு ஜன்னல். திறந்தால் பின்சந்து தெரியும். அங்கே மீன் செதிலும் பால் டின்னும் பழைய தலையணையும் ஒரே பையில் சமாதானமாகக் கிடக்கும். அந்த ஜன்னலை நான் திறப்பதில்லை.

மக்களைப் பொய்யர்கள் என்று சொல்ல வரவில்லை. வீடு தேடி வந்தவருக்கு ஆறிப்போன தேநீரையா கொடுப்போம்? பதிலும் அப்படித்தான். இருப்பதில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கிறார்கள்.

முதியோர் நலன் பற்றிய ஆய்வு வந்தபோது இந்த உபசாரம் உச்சத்துக்குப் போனது. தனியாக வாழும் முதியவர்களிடம், பிள்ளைகள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். யாரும் அதிகம் வருவதில்லை என்பவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு தன்னார்வலரை அனுப்புவதாக ஏற்பாடு. பேச்சுத்துணைக்கு, கிளினிக்குக்கு, சாமான் வாங்க. ஆய்வே அதற்காகத்தான். ஆனால் படிவங்களைப் பார்த்தால், பினாங்குத் தீவிலும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்திலும் பிள்ளைகள் எல்லோரும் பெற்றோர் வீட்டு வாசலில் வரிசை பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள்.

இதில் பாதிப் பழி எங்கள் கேள்வியாளர் ஒருவரைச் சேரும். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சட்டையை உள்ளே விட்டு, பையில் சிவப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு போவார்.

"சார், நீலப் பேனா வச்சுக்குங்களேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"பழக்கமாயிடுச்சும்மா" என்றார்.

அவர் முன்னால் எழுபது வயதுக்காரர்களும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சரியான விடை எது என்று தேடினார்கள்.

இதைப் பிடிக்கத்தான் படிவத்தின் கடைசியில் ஒரு பொறி வைத்திருந்தோம். 'நீங்கள் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?' இல்லவே இல்லை என்பவர் நம்மிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார். அவருடைய மற்ற பதில்களையும் சந்தேகிக்க வேண்டும். உண்டு என்பவர் நம்பத்தக்கவர். அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

படிவத்தில் பெயர் இருக்காது. ஊர், வயது, ஒரு கைபேசி எண், அவ்வளவுதான். சில எண்களை அழைத்து, கேள்வியாளர் உண்மையிலேயே வந்தாரா என்று விசாரித்து, இரண்டு கேள்விகளைத் திரும்பக் கேட்பது என் வேலை. ஒரு பிற்பகலில் அடுத்த படிவத்தை எடுத்தேன். நிபோங் திபால். எழுபத்து மூன்று வயது. தனியாக வாழ்கிறார். கைபேசி எண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்த சிம் அட்டையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அது என் அம்மா.

பிள்ளைகள்: ஒரு மகள். வந்து பார்ப்பது: வாரம் ஒருமுறை.

அந்த ஒரு மகள் கடைசியாகப் போனது ஈஸ்டருக்கு. நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது செப்டம்பரில். பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரப் பயணம். பாலத்தில் எப்போதும் நெரிசல் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அங்கே நெரிசல் கிடையாது என்பது அம்மாவுக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது.

கடைசிக் கேள்விக்கு அம்மாவின் பதில்: உண்டு. பக்கத்தில் சிவப்பு மையில் ஆசிரியரின் குறிப்பு: 'மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறாராம்.' பொய்யே சொன்னதில்லை என்று பதில் சொல்லியிருந்தால், அடுத்த மாதம் மாதாகோயில் சாமியாரிடம் அதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டியிருக்கும்! ஆக, என் விதிப்படி அம்மா நம்பத்தக்கவர். வாரம் ஒருமுறை என்பது உண்மை. தன்னார்வலர் தேவையில்லை. நான் வைத்த பொறி என்னைத் தப்பவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

சொந்தக்காரர்களின் படிவத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்திருந்தால் அவரும் 'பொருந்துகிறது' என்று குறித்து முடித்திருப்பார். நானே அழைத்தேன். அலுவலகத் தொலைபேசியில், அலுவலகக் குரலில், எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்தேன்.

"வணக்கம். முதியோர் ஆய்வு சம்பந்தமாக அழைக்கிறோம். எங்கள் கேள்வியாளர் உங்கள் வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தாருங்க. நல்ல மனுஷன். வாத்தியாரு. பாலில்லாம தே ஓ போட்டுக் குடுத்தேன்."

"உங்கள் மகள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்?"

அங்கே காற்றாடியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"வாரா வாரம் வருவா. வர்றப்போ பாசார்ல மீன் வாங்கியாந்து ஆக்கிக் குடுப்பா."

மீன் படிவத்தில் இல்லை. இப்போதுதான் சேர்த்தாள்.

"நீங்கள் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?"

"இப்பதான் ஒண்ணு சொன்னேன்லா, எழுதிக்க. ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு? சளி புடிச்சிருக்கா ஒனக்கு?"

அலுவலகக் குரல் அதோடு காலி.

"ஏம்மா அப்படிச் சொன்ன? உள்ளதச் சொல்லியிருந்தா வாரம் ஒரு ஆள அனுப்புவாங்கல்ல? கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்ல?"

"அதுக்கு? அவரு செவப்புப் பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அவருகிட்ட போயி எம்புள்ளய ஃபெயிலாக்கச் சொல்றியா?"

போனை வைத்துவிட்டு அழுதேன். எதிர்மேசையில் மேலாளர் கணினியை உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தார்.

பிறகு 'வாரம் ஒருமுறை' என்பதை அடித்துவிட்டு, 'எப்போதாவது' என்று குறித்தேன். பதிலைத் திருத்தினால், உண்மை எப்படித் தெரியவந்தது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'மகள் சொன்னது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

இப்போது வியாழக்கிழமைதோறும் ஒரு தன்னார்வலர் அம்மாவைப் பார்க்கப் போகிறார். அவரிடமும் அம்மா மீன் கதையைச் சொல்லிவிட்டாளாம்.

நான் போகிறேனா என்கிறீர்களா? நீங்கள் கேட்டால், வாரம் தவறாமல் போகிறேன் என்றுதான் சொல்வேன்.