பெரியப்பாவின் எண்பதுக்கு வந்த பாட்டு

பெரியப்பாவுக்கு எண்பது பிறக்கப்போகிறது என்றதும் உடுப்பிட்டி வீட்டில் கேக்குக்கும் பலகாரத்துக்கும் உடனே ஆள் கிடைத்தது, வாழ்த்துக்குத்தான் கிடைக்கவில்லை. வருவதாகச் சொல்லியிருந்த ஒரே மகன், எங்கள் கனடா அண்ணை, லீவு இல்லை என்று கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். அன்றுமுதல் பெரியப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்தார். நாலு நல்ல வார்த்தை சொல்லி அந்த முகத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

நல்ல வார்த்தை என்றால் எங்கள் குடும்பத்தில் சின்னமாமாவை விட்டால் ஆள் கிடையாது. ஊரில் யார் இறந்தாலும் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுமலருக்கு அவர்தான் பாட்டு எழுதுவார். எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் அவர் பாட்டில் பொறுமையின் சிகரமாகிவிடுவார். பாட்டுடைத் தலைவர்கள் ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை வேறு. உயிரோடு இருப்பவரைப் பாடச் சொன்னதும் மனிதர் திணறிப்போனார். கடைசியில் பழைய கல்வெட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பாடுவதாக வரும் 'மக்கள் புலம்பல்' என்ற தலைப்பை 'மக்கள் வாழ்த்து' என்று மாற்றி, எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். பெரியம்மாவுக்குப் பயந்து 'மனைவி புலம்பல்' பக்கமே போகவில்லை.

வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்துப் பாவோதல் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். நிலத்தில் கால் படாமல் திரிந்த நாட்கள் அவை.

அன்று பின்னேரம் மேசையில் கேக், அதற்குப் பக்கத்தில் நிறைகுடம், நிறைகுடத்தில் சாத்திவைத்த போனுக்குள் கனடா அண்ணை. ஊர்ச் சிறப்பு, குலச் சிறப்பு எல்லாம் பாடி முடித்து மக்கள் வாழ்த்துக்கு வந்தேன். ராகத்தை இழுத்து வாசித்தேன்.

அப்பாவென் றழைத்திடவே ஆருண்டு எமக்கினிமேல்
எப்போது காண்போமோ உம்முகத்தை எந்தையரே

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சின்னமாமா என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். என் வாசிப்பின் அருமையில் எல்லாரும் உறைந்துபோய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

முதலில் சிரித்தவர் பெரியப்பாதான். கதிரை ஆடும்படி சிரித்தார்.

"உவன் என்னை அவசரப்பட்டு அனுப்பிப்போட்டான்! எடேய், மனைவி புலம்பல் எழுதேல்லையோ?"

"நான் நாளாந்தம் புலம்புறன்தானே, அதை ஏன் எழுதுவான்?" என்று பெரியம்மா குசினி வாசலில் நின்று சொன்னார். வீடே அதிரச் சிரிப்பு எழும்பியது. சின்னமாமாவும் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ரெண்டு வரியையும் இன்னொருக்கா வாசி, பிள்ளை. அவனுக்கும் வடிவாய்க் கேட்கட்டும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனுக்குக் கிட்டப் போய், எழுத்தெழுத்தாகப் பிசகாமல் வாசித்தேன். முடிக்கும்போது போனில் அண்ணையின் முகத்தைக் காணவில்லை. அவருடைய வீட்டு முகடு மட்டும் தெரிந்தது. நெட் சரியில்லை என்று நினைத்து, குரலை உயர்த்தி மூன்றாந்தரமும் வாசித்தேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் அண்ணை ஒருவருக்கும் சொல்லாமல் வந்து வாசல் படலையில் நின்றார். பெரியப்பா உடுத்திருந்த சாரத்தை இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடினார். அவர் அப்படி ஓடி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்றைக்குப் பாட்டுச் சரியாகக் கேட்காதபடியால்தான் அண்ணை நேரில் வந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே ஓடிப்போய்த் தாளை எடுத்துவந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நின்றேன்.

அண்ணை பெரியப்பாவின் தோளிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"வேண்டாம், பிள்ளை. அது இனிக் கனகாலத்துக்கு வேண்டாம்."

அவ்வளவு தூரத்திலிருந்து பிளேன் ஏறி வந்தும் பாட்டைக் கேட்காமல் விட்டுவிட்டாரே என்று அன்று முழுக்க எனக்குச் சரியான கவலை.