கொசுறாக வந்த விமானச் சீட்டு

மகாபலிபுரத்தில் கடற்கரைக்குப் போகும் பாதையில் எங்களுக்கு ஒரு சங்குக் கடை இருந்தது. முன்பக்கம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார். ஒரு துணித் திரைக்குப் பின்னால் நான் சோழி கோத்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. செங்கல்பட்டில் ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். இனி யாரும் எழுந்து நின்று பதில் சொல் என்று கூப்பிட மாட்டார்கள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவள் நான்.

திரையில் ஒரு கிழிசல் உண்டு. அதன் வழியாகத்தான் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்தேன். மத்தியான வெயிலில் கடல் பக்கம் எல்லாமே கொஞ்சம் கரைந்தாற்போல் தெரியும். அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து அவர்கள் மெதுவாக வருவார்கள். சங்கைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ரூபாய் தீர்ந்துவிட்டதென்று சிலர் நோட்டுப் போல ஒரு தாளை எடுப்பார்கள். டிராவலர்ஸ் செக் என்று பெயர். வாங்கும்போதே அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பார்கள். செலவழிக்கும்போது, கடைக்காரர் பார்க்க, இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் செல்லும். அங்கே புறப்பட்டவரும் இங்கே வந்து நிற்பவரும் ஒரே ஆள்தான் என்று அந்தத் தாள் சாட்சி சொல்வதுபோல எனக்குத் தோன்றும். இவ்வளவு தூரம் வந்தால் ஆள் மாறிப் போவார்களா என்ன என்று யோசித்தபடியே ஊசியைக் கையில் குத்திக்கொள்வேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் அந்தச் செக்குகளை மாற்றிக் கொடுப்பார். கமிஷன் பிடித்துக்கொண்டுதான் ரூபாய் தருவார். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் கடைக்குத் திரும்பி வந்து, “நோவாம நொங்கு துன்றான்” என்று திட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

எங்களுக்கு ஒரே பெண். கம்ப்யூட்டர் படித்தாள். கல்பாக்கம் குடியிருப்பில் இருந்த ஒரு குடும்பத்தில் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. கல்யாணம் முடிந்து பெண்ணும் போய்விட்டாள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு ஒரு குழந்தை பிறக்கும் வரை அவள் வீட்டில் பெற்றவர்கள் கை நனைக்கக் கூடாது. சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோன நாட்களில்கூட நாங்கள் குடிக்கத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனோம். “வெய்யக் காலத்துல ஒரு மோரு குடிச்சா சாமி கண்ண குத்திடுமா?” என்று சம்பந்தியம்மா கேட்பார்கள். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திறப்பார்.

பெண் உண்டானபோது, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று நாங்கள் மெத்தைக்கு உறை தைக்கக் கொடுத்தோம். ஆனால் அங்கே டாக்டர், இந்த உடம்போடு அவ்வளவு தூரம் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று போனில் அவள், “அம்மா” என்றாள். பிறகு வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. ரொம்ப நேரம் நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் பிள்ளை பெறும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் விமானச் சீட்டு வாங்க எங்களுக்கு வசதியில்லை. மாப்பிள்ளை வாங்கித் தருகிறேன் என்றால் இவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நானும் கேட்கவில்லை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. வேடந்தாங்கலுக்குப் போகும் வேன்கள் எங்கள் ஊர் வழியாகவும் வந்தன. பறவைகள் தேசம் விட்டுத் தேசம் வந்து முட்டை வைக்கிறதாம் என்று வேன்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அன்றைக்கு முழுவதும் கோத்த சோழியையே பிரித்துப் பிரித்துக் கோத்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை அலுவலக வேலையாக மெட்ராசுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வந்தார். பாயில் உட்கார்ந்ததும் சொன்னார்.

“மாமா, அத்தைக்கு டிக்கெட் இருக்கு. ஒரு ஆளுக்குத்தான் வரும். பேர் மட்டும் குடுத்தா போதும்.”

“வாணாம் மாப்ள. தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் பொண்ணு வூட்ல கை நனைக்கல நாங்க. அதுக்குள்ள உங்க காசுல ஏரோப்ளேன்ல குந்திக்கினு வர்றதா?”

“என் காசு இல்ல மாமா இது.”

“பின்ன யாரு காசு?”

“யாரு காசும் இல்ல.”

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மாப்பிள்ளை விளக்கிச் சொன்னார். அவர் வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களுக்கென்று ஒரு சேமிப்புச் சங்கம் இருக்கிறது. அங்கே டிராவலர்ஸ் செக் வாங்கினால் உறுப்பினர்களுக்குக் கமிஷன் கிடையாது. மாப்பிள்ளை அதைக் கிரெடிட் கார்டைக் கொடுத்து வாங்குவார். கார்டில் எது வாங்கினாலும் கார்டுகாரர்கள் பாயிண்ட் போடுகிறார்கள். மறுநாள் அந்தச் செக்குகளைத் தன் பேங்கிலேயே போட்டுவிடுவார். அந்தப் பணத்தை எடுத்துக் கார்டு பில்லைக் கட்டிவிடுவார். திரும்பவும் வாங்குவார். பணம் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். பாயிண்ட் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். சேர்ந்த பாயிண்டுக்கு விமானத்தில் ஒரு இடம் கொடுப்பார்கள்.

இவருக்குப் புரியட்டும் என்று மாப்பிள்ளை இரண்டு டம்ளரை எடுத்தார். ஒன்றிலிருந்து மற்றதில் தண்ணீரை ஊற்றினார். திரும்ப முதல் டம்ளரில் ஊற்றினார். தரையில் கொஞ்சம் சிந்தியது.

“இதுதான் மாமா பாயிண்ட்.”

“சிந்தினா டம்ளர்ல கொறையுமே மாப்ள.”

“இதுல கொறையாது மாமா. அதான் விசேஷம்.”

“கமிஷன் இல்லாம எவன் செக்கு குடுப்பான்? இங்க ஒருத்தன் கீறான். பெத்த அப்பனுக்கு மாத்தினாலும் புடிச்சிக்குவான்.”

“அங்க மெம்பர்களுக்குப் பிடிக்கிறதில்ல.”

“சரி, கார்டுகாரன் எதுக்கு குடுக்கறான்? அவன் இன்னா உங்களுக்கு மாமனா, மச்சானா?”

“நாம கார்டை நிறையத் தேய்க்கணும்னு ஆசை காட்டறான் மாமா.”

“வெளக்க தேய்ச்சா பூதம் வரும்னு கேட்டுக்கீறேன். அட்டைய தேய்ச்சா டிக்கெட்டு வர்றத இப்பதான் கேக்கறேன்.” இவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இதுவும் நோவாம நொங்கு துன்ற வேலதான். நமக்கு வாணாம்” என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தரையில் சிந்திய தண்ணீர் சின்னக் குளம்போல் நின்றது. அதில் ஜன்னல் தெரிந்தது. நான் அதையே பார்த்தேன். போனில் கேட்ட அந்த மூச்சுச் சத்தம் காதுக்குள் வந்தது. எப்போது கதவைத் தாண்டி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

“கொசுறுதானேங்க அது” என்றேன்.

“இன்னாது?”

“காய்க்காரம்மா கறிவேப்பில குடுக்கறதில்லியா, அந்த மாரி. காய்க்குத்தான் காசு. கொசுறு யாரு காசுன்னு யாரும் கேக்கறதில்ல.” அதோடு விடவில்லை. “நான் போறேங்க.”

இவர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். “முப்பது வருசமா ஊமையோட குடித்தனம் பண்ணிக்கினு கீறேன்னு நெனச்சேன் மாப்ள” என்றார். எழுந்து கடைக்குப் போய்விட்டார். சாயந்திரம் மாப்பிள்ளை கிளம்பும் நேரத்தில் வந்து சொன்னார்.

“டிக்கெட்டு கொசுறு. ஒத்துக்கறேன். ஆனா சோறு கொசுறு இல்ல. கொழந்த பொறக்கற வரைக்கும் இவ துன்ற அரிசி இவ காசுல வாங்கணும்.”

மாப்பிள்ளை சிரிக்க வாயெடுத்தார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிங்க மாமா” என்றார்.

பாஸ்போர்ட்டு, விசா எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை ஆள் ஏற்பாடு செய்தார். கையில் கொண்டுபோகும் பணத்துக்கு என்னை இவர் திருப்போரூர் வழி பஸ்ஸில் மெட்ராசுக்கு அழைத்துப் போனார். அங்கே வெளிநாட்டுப் பணம் விற்கும் ஒரு ஆபீசில் என் பெயருக்கு டிராவலர்ஸ் செக் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் கமிஷன் உண்டு என்றாள்.

“எங்க மாப்ளைக்கு கமிஷன் இல்லாம தர்றாங்களாமே?”

“எந்த பேங்க்ல சார்?”

“அமெரிக்காவுல.”

“அப்ப அங்க போய் வாங்குங்க சார்” என்றாள் அவள், சிரிக்காமல்.

இவருக்குக் கோபம் வரவில்லை. பணத்தை எடுத்து வைத்தார். “புடிச்சிக்கோ. கமிஷன் குடுத்து வாங்கினாத்தான் நம்ம காசு” என்றார். நான் ஒவ்வொரு செக்கிலும் மேலே கையெழுத்துப் போட்டேன். தமிழில், எழுத்து எழுத்தாக. ரேஷன் கடையில் போடுகிற அதே கையெழுத்து. கீழே இருக்கும் இடத்தைக் காலியாக வையுங்கள் அம்மா என்று அந்தப் பெண் சொன்னாள்.

விமானத்தில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. விடிந்தபோது கீழே மேகம் பாத்தி பாத்தியாகக் கிடந்தது. கேளம்பாக்கத்து உப்பளம் அப்படியே கூட வந்துவிட்டதோ என்று நினைத்தேன். நேரம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. சாப்பாடு கொடுத்தார்கள். இது பெண் வீட்டுச் சோறா, கொசுறுச் சோறா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கொசுறு என்று முடிவு செய்து சாப்பிட்டேன்.

அந்த ஊர் குளிர். மரங்களில் இலையே இல்லை. என் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு விமான நிலையத்தில் நின்றாள். என்னைக் கட்டிக்கொண்டு, “நெஜமாவே வந்துட்டியாம்மா” என்று கேட்டாள்.

மறுநாள் என் அரிசி வாங்கக் கடைக்குப் போனோம். கடையில் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போடுவதை நினைத்தாலே எனக்கு வேர்த்தது. அதனால் காலையிலேயே, பெண் குளிக்கும் நேரத்தில், சமையல் மேடையில் வைத்து ஒரு செக்கில் கீழே கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டேன். நேரத்தோடு செய்துவிட்டேன் என்று நிம்மதியாகவும் இருந்தது.

கல்லாவில் இருந்த பெண் செக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். என் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, முன்னாடியே கையெழுத்துப் போட்டியா?”

“அவங்களுக்கு சிரமம் வேணாமேன்னு.”

“அவங்க கண்ணு முன்னாடி போட்டாத்தாம்மா செல்லும். நம்ம கடையில பாத்ததில்லியா நீ?”

பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் கிழிசல் வழியாகப் பார்ப்பது வேறு. என் பின்னால் ஆட்கள் வண்டியோடு நின்றார்கள். புதுச் செக்கை எடுத்தேன். பேனா வழுக்கியது. கல்லாப் பெண் தாளின் ஓரத்தை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டாள். நான் முதல் எழுத்தைப் போட்டேன். பின்னால் யாரும் முனகவில்லை. கோலம் போடுகிறவளைப் பார்ப்பதுபோல் அந்தப் பெண் என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் மேலேயும் கீழேயும் பார்த்து, தலையை ஆட்டி, அரிசி மூட்டையை என் பக்கம் தள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் என் பெண் தன் அரிசிக்குப் பக்கத்தில் என் அரிசிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். தினமும் இரண்டு பானை வைத்தோம். “ஒரே அடுப்புல ரெண்டு குடித்தனம்” என்று மாப்பிள்ளை கேலி செய்தார்.

என் மூட்டை பாதிகூடக் குறையவில்லை. ஒரு விடியற்காலையில் அவளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் என்னையும் உள்ளே விட்டார்கள். பகல் முழுக்க அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி விழுந்தது. முதல் முதலாகப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. அவள் என் கையை இறுக்கும்போதெல்லாம் பனி நின்று, விட்டபோது மறுபடியும் விழுவதுபோல் இருந்தது. சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு டப்பாவில் ரசம் சாதம் கொண்டுவந்தார். “ஒரு வாய் சாப்பிடுங்க அத்தை, விழுந்துடப் போறீங்க” என்றார். ஒரு கை அவள் பிடியில் இருந்தது. இன்னொரு கையால் சாப்பிட்டேன். யார் அரிசி என்று அப்போது எனக்கு நினைவே இல்லை. அதற்கப்புறம் ரொம்ப நேரம் கழித்துத்தான் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே கடை திறக்கும் நேரம்.

“பொண்ணு” என்றேன்.

“ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்களா?”

“நல்லாக்கீறாங்க. பக்கத்துலயே இருந்தேன்.”

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “இனிமே நீ அங்க சாப்டலாம்” என்றார், பெரிய மனுஷத் தோரணையில்.

“சாப்ட்டேங்க. அது பொறக்கறதுக்கு முன்னாடியே. மாப்ள ரசஞ்சோறு கொண்டாந்தாரு.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“மாப்ளயே ரசம் வெச்சாரா?” என்றார்.

“ஆமா.”

“உப்பு?”

“கொஞ்சம் தூக்கல்.”

“சொல்லிக் குடுத்துட்டு வா” என்றார். “அவசரம் ஒண்ணுமில்ல. மெதுவா வா.”

போனை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு, யாருடைய முகம் என்று தெரியாமல், என் முகத்தையே பார்த்தது. நானும் பார்வையை எடுக்கவில்லை.