ஜனார்தனன் மூடாத டிக்கெட்

கும்மிடிப்பூண்டி கம்பித் தொழிற்சாலையில் ஜனார்தனன்தான் மொத்த கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட். தலைவர் அவரே, தொண்டர் அவரே, கீபோர்டைக் கவிழ்த்து முறுக்குத் தூள் உதிர்ப்பவரும் அவரே. திருவள்ளூரிலிருந்து பத்தொன்பது வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறார்.

புகார் எழுதித் தரும் வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. ரோலிங் மில் லோகு ஜன்னலில் தலையை நீட்டி, "சார், பொட்டி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீது" என்றால் போதும். ஜனார்தனன் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

புது மேனேஜர் தணிகைவேல் வந்தார், வினையும் வந்தது.

"பெரிய கஸ்டமர் ஆடிட் வருது. கம்ப்யூட்டர் வேலைய ஐட்டில் முறையில நடத்தறதா, கோபிட் முறையிலயா? ஒரு மாசத்துல ஒண்ணு முடிவு பண்ணுங்க. இல்லன்னா ஏஜென்சிகிட்ட கொடுத்துடுவேன். நீங்க ஸ்டோர்ஸ்ல நட்டு போல்ட்டு பார்த்துக்கலாம்."

அன்றைக்கு ஜனார்தனனுக்கு மோர்சாதம் இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் வேலைக்கான அந்த இரண்டு விதிமுறைப் புத்தகங்களையும் முட்டி மோதிப் படித்தார். "ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?" என்று கேட்டாள் மனைவி பங்கஜவல்லி.

"ஐட்டில் நம்ம கோயில் மடைப்பள்ளி மாதிரி. புளியோதரை நேரத்துக்கு ஆகணும், வரிசையில நிக்கறவா எல்லாருக்கும் கிடைக்கணும். கோபிட் தர்மகர்த்தா மாதிரி. எதுக்கு யார் சரின்னு சொல்லணும், தப்பானா யார் பதில் சொல்லணும்னு பார்க்கும்."

"அப்போ நீங்க மடைப்பள்ளிதான். தர்மகர்த்தாவுக்கு அதட்டத் தெரியணுமே!"

அப்படியாக ஐட்டில் ஜெயித்தது. புகாரைக் கம்ப்யூட்டரில் போட்டால் டிக்கெட் எண் விழும். சரிசெய்ததும் ஜனார்தனன் அதை மூடுவார். 'எந்தப் புகாரானாலும் நான்கு மணி நேரத்தில் தீர்க்கப்படும்' என்று நோட்டீஸும் ஒட்டினார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத வீட்டில் பிறந்தவர். 'எந்த' என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் வேறு எழுதினார்.

முதல் நாள் பிரிண்டர் புகார் வந்தது. மூன்றாம் நாள் சாம்பார் வந்தது: கேன்டீனில் உப்பில்லை, அவசரம். ஜனார்தனன் நேரில் போய் உப்புப் போட வைத்து டிக்கெட்டை மூடினார். பிறகு ஒழுகும் குழாய், சுற்றாத ஃபேன். பஸ் கவரைப்பேட்டையில் நிற்பதில்லை என்று லோகு போட்டான். டிரைவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அதையும் மூடினார்.

மாசக் கடைசியில் தணிகைவேல் பட்டியலைப் பார்த்தார். இருநூற்றுப் பதினாறு டிக்கெட், எல்லாம் மூடியாச்சு.

"இதுல கம்ப்யூட்டர் புகார் எத்தனை?"

"நாற்பத்தொண்ணு சார்."

"பஸ்ஸ நிறுத்தச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யாரு?"

ஜனார்தனன் தலையைச் சொறிந்தார். "அதத்தான் சார் கோபிட்டும் கேக்குது. ஐட்டில் இருக்கட்டும். கோபிட்லேர்ந்து ஒரே ஒரு பக்கம் சேர்த்துக்கலாம். எதுக்கு யார் பொறுப்புன்னு."

"நான் கேட்டது ஒண்ணு. நீங்க சொல்றது ஒண்ணே கால். நாளைக்கு ஏஜென்சி ஆள் வரார்."

ஏஜென்சி சேதி எப்படியோ மில் முழுக்கப் பரவியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. எண் இருநூற்றுப் பதினேழு, லோகு, அவசரம்: 'ஜனா சார ஸ்டோர்சுக்கு அனுப்பாதீங்க. ஏஜென்சி வந்தா நாங்க எந்த ஜன்னல்ல தலைய நீட்றது?' கீழே முப்பத்து மூன்று பேர் தங்கள் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அதில் கேன்டீன்காரரும் இருந்தார். பஸ் டிரைவரும் இருந்தார்.

ஜனார்தனன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"சார், இத மூட எனக்கு அதிகாரமில்ல. நீங்கதான் மூடணும். நாலு மணி நேரம் இருக்கு."

தணிகைவேலுக்கு நாலு நிமிஷம் ஆனது. ஒற்றை விரலால் தட்டினார்: 'ஏஜென்சி வேண்டாம். மூடப்பட்டது.'

"அந்த ஒரு பக்கத்த நாளைக்கே எழுதிக்கினு வாங்க. மொத வரியில, சாம்பாருக்கு யாரு பொறுப்புன்னு போடுங்க."

ஜன்னலில் ஒரு தலை நீண்டது. "சார், டிக்கெட்டு மூடிட்டாங்களா? அப்டியே வாங்க, நம்ம பொட்டி மறுபடி பேஜார் பண்ணிக்கினு கீது."

"டிக்கெட் போட்டியாடா?"

"இன்னா சார், நமக்குள்ள போய்..."

ஜனார்தனன் காலண்டர் தாளைத் தேடினார்.