மூன்றாவது ஆள்

டவுணில் தேர் வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சின்ன வேதக்கோயிலைப் பத்துக் குடும்பத்தார் சேர்ந்து கட்டினார்களாம். கடுக்காயும் உடன்குடிக் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து, பனை உத்திரம். பிறகு பள்ளிக்கூடம், சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் என்று ஒவ்வொரு குடும்பமாக ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. அங்கே பெரிய கோயில் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கோயிலுக்கு மிஞ்சியது மூன்று பேர்: பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவான நான், மணியடிக்கும் கோயில்பிள்ளை, வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு குமாஸ்தா.

வாங்க மூன்று பேராவது இல்லாவிட்டால் குருவானவர் நற்கருணை கொடுக்கக் கூடாது. எங்கள் ஜெபப் புத்தகத்தின் சட்டம் அது. குமாஸ்தா தன் மகன் வீட்டோடு இருக்க வள்ளியூருக்குப் போனதும், மாதம் ஒருமுறை வரும் குருவானவர் சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசமும் ரெண்டு பேர்தான்னா கோயிலைப் பிரிச்சிர வேண்டியதுதாம்மா. கதவும் கல்லும் புதுக் கோயிலுக்கு ஆகும்."

அந்தக் கோயில் சுவரோரத்தில்தான் என் வீட்டுக்காரரைப் புதைத்திருந்தது. காலராவில் போனார். தூக்க ஆள் வரவில்லை. நானும் கோயில்பிள்ளையும் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு அடுத்த வீட்டிலிருந்த என் கொழுந்தன் பெண்டாட்டி கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு அவளுக்கும் எனக்கும் பேச்சு அற்றுப்போயிற்று.

மூன்றாவது ஆளுக்காகப் பாளையங்கோட்டையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "அம்புட்டுத் தூரம் யாரு நடக்க?" என்றார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல், அங்கே குடிபோயிருந்த கொழுந்தன் பெண்டாட்டியின் வாசலில் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை நம்ம கோயிலுக்கு வா என்றேன். அவ்வளவுதான், அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்களா வந்து கூப்பிடுதியளே அக்கா! பிள்ளையள நினைச்சுப் பயந்துட்டேன். அந்த நாள்ல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல."

நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். எனக்கு வேண்டியிருந்தது ஓர் ஆள். அதை நான் சொல்லவில்லை.

பகையோடு நற்கருணை வாங்கக் கூடாது என்பதும் சட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் குருவானவர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டார்.

"மனஸ்தாபம் தீந்துட்டா?"

"தீந்துட்டு ஐயா" என்றாள் அவள், முகமெல்லாம் மலர்ந்து.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு "தீந்துட்டு" என்றேன். அந்தப் பொய்க்கு இன்றுவரை கூசுகிறேன்.

ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாங்கக்கா, சேந்து சாப்பிடுவோம்."

"கதவைப் பூட்டணும். நீ பைய நட" என்றேன். உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் ஏறும்வரை வாசலில் நின்றுவிட்டுப் போனாள்.

கோயிலைப் பிரிக்கவில்லை. அவள் மாதம் தவறாமல் ஆற்றைத் தாண்டி நடந்து வந்தாள், மாதம் தவறாமல் கூப்பிட்டாள். நானும் மாதம் தவறாமல் பூட்டைச் சாக்குச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை.

ஒரு மாதம், சரி, போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியது. அவள் பிள்ளைகளுக்கு அல்வா வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்கு அவள் நற்கருணை வாங்கினாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், என்னைக் கூப்பிடாமலே படியிறங்கிப் போனாள். பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.