ஒருசந்தியும் தீப்பெட்டி மாத்திரையும்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்திருந்த எழுபதுகளில் நடந்தது இது. நாங்கள் மில்லர்புரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. ஏணியில் ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. டாக்டரிடம் காட்டுங்கள், காட்டுங்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன். கேட்டால்தானே! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் முழுக்க மனுஷர் ஒருசந்தி இருந்தார். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர், சாயங்காலம் ஒரே வேளைச் சாப்பாடு. பட்டினியில் தலை வலிக்கிறது என்பார். நானும் தினமும் காலையில் தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். “மாத்திர முழுங்கினா ஒருசந்தி முறியாதுளா” என்று தனக்குத் தானே சட்டம் வேறு போட்டுக்கொண்டார்.

பெரிய வெள்ளியன்று பகல், சிலுவைப் பாதை பாதியில் இருக்கும்போது கோயிலுக்குள்ளேயே சரிந்து உட்கார்ந்தார். ஒருசந்தி மயக்கம் என்று யாரோ எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். குடித்த வேகத்தில் வாந்தி. காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டியது போலக் கறுப்பாக இருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான், மூன்று நாளாக மலம் தார் போலப் போகிறது என்று வாயைத் திறந்தார். வயிறு புண்ணாகி ரத்தம் கசிகிறது, அது நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். வீட்டிலிருக்கும் மாத்திரையெல்லாம் கொண்டு வரச் சொன்னார். ஓடினேன். அவருடைய காக்கிச் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. திறந்தால் உள்ளே குச்சி இல்லை, மாத்திரை! ஒன்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, இன்னொன்று கப்பல்காரர் ஒருவர் கொடுத்த வெளிநாட்டு மாத்திரை. முழங்காலுக்காம்! ஐயோ, எனக்கு வந்த ஆத்திரத்தில் படுத்துக் கிடக்கிற மனுஷன் என்றும் பாராமல் வார்டே கேட்க ஏசினேன்.

டாக்டர் என்னைக் கையமர்த்தினார். நான் கொடுத்துவந்த தலைவலி மாத்திரையையும் எடுத்து மற்ற இரண்டோடு சேர்த்து வைத்தார்.

“மூணுமே கூட்டு மாத்திரைம்மா. பேருதான் வேற வேற, மூணுலயும் ஆஸ்பிரின் இருக்கு. வெறும் வயித்துல இம்புட்டையும் போட்டா வயிறு தாங்குமா? தலைவலிக்கு யாரு குடுத்தது?”

வார்டே கேட்க ஏசிய அதே வாயால், “நான்தான் டாக்டர்” என்றேன்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஈஸ்டரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கழித்து, எப்படியோ பிழைத்து வந்தார். “ரெண்டு மாத்திர திங்குதத என்கிட்ட ஏன் சொல்லல?” என்று ஒருநாள் கேட்டேன். “சொன்னா நீ ஏசுவல்லா” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

இன்றும் வலி என்று யார் வந்தாலும், சாப்பிட்டாயா, வேறென்ன மாத்திரை போட்டாய் என்று கேட்காமல் ஒரு மாத்திரையும் கொடுப்பதில்லை. சொல்லும் பதிலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன், நான் ஏசினால் அடுத்த தீப்பெட்டி எந்தப் பைக்குள் போகுமோ என்று பயம்.