காஜாக்காவின் ஆள்காட்டி விரல்

காஜாக்காவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் மாட்டுகிற ஓட்டை, அதாவது காஜா, எடுக்கிற மெஷின் அவளுடையது; அவள் பேரே அதனால் மறந்துபோச்சு. காஜா கோணலாக இருக்கிறது என்று குறை சொல்லப்போன சூப்பர்வைசரிடம், "உங்க தொப்பைதான் சார் கோணல், அதுல மாட்டிப் பாத்தா எல்லாம் கோணலாத்தான் தெரியும்" என்றவள். அன்று முழுக்க அந்த ஆள் வயிற்றை எக்கிக்கொண்டே நடந்தாராம்.

அப்பேர்ப்பட்டவள் கோர்ட்டுக்குள் வந்தால் மட்டும் பெட்டிப்பாம்பு. கூண்டில் நிற்பது அவள் தம்பி ஆச்சே. ஒரு வாய்தா விடாமல் லீவு போட்டுவிட்டு வந்து முன் பெஞ்சில் உட்காருவாள். அக்கா இருக்கிறாள் என்று தெரிந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டுமே என்று.

தம்பி ஒரு கேபிள் குடோனில் ஸ்டோர் கீப்பர். செப்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது இவனிடமும் முதலாளியிடமும். முதலாளியை யார் கேட்பார்கள்? இவனைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். வேறு சாட்சி எதுவும் உருப்படியாக இல்லை, சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் விட்டிருப்பார்கள் என்று அவனுக்காக வாதாடிய வக்கீலம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவன் கேட்டால்தானே!

"நான் எடுக்கல. பொய் கண்டுபிடிக்கிற மெஷின் இருக்குல்ல, அதுல என்னைக் கட்டிப் பாருங்க" என்று அவனாகவே கேட்டான். முடிவு எப்படி வந்தாலும் கோர்ட்டில் வைக்கலாம் என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. காஜாக்காவும் சேர்ந்து ஒத்து ஊதினாள். "பொய் சொல்றவன்தான் பயப்படணும் வக்கீலம்மா. என் தம்பிக்கு என்ன பயம்?"

இன்றைக்கு அந்த மெஷினை ஓட்டிய நிபுணர் சாட்சி சொல்ல வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான குரல், யாரையும் புண்படுத்தாத முகம். கெட்டவன் மாதிரி இருந்திருந்தால் காஜாக்கா மனசுக்குள்ளேயாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பாள். அதற்கும் வழியில்லை. மார்பில் கட்டிய பெல்ட் மூச்சை எழுதும், விரலில் மாட்டியது வியர்வையை எழுதும், கையில் சுற்றியது இரத்த ஓட்டத்தை எழுதும் என்று ஸ்கூல் வாத்தியார் மாதிரி விளக்கினார். பிறகு கோடு கோடாக ஓடிய ஒரு நீளக் காகிதத்தை விரித்துக் காட்டினார்.

"இது மூச்சுக் கோடு. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கோடு அப்படியே படுத்துடுது பாருங்க. மூச்சை நிறுத்திப் பிடிச்சிருக்கார்."

வக்கீலம்மா எழுந்தாள். "எல்லாக் கேள்விக்குமா? பேர் என்ன, வயசு என்னன்னு கேட்டப்பவுமா?"

"ஆமா. எல்லாத்துக்கும்."

"அப்ப திருட்டைப் பத்திக் கேட்டதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையே?"

"அதுதாங்க விஷயம்" என்றார் நிபுணர், பொறுமையாக. "மெஷினை ஏமாத்தத் தெரிஞ்சவங்க இதைத்தான் செய்வாங்க. சாதாரணக் கேள்வியையும் கெடுத்துட்டா வித்தியாசம் தெரியாதில்ல? இவ்வளவு சீரா சாதாரண ஆளுக்கு வராது. யாரோ நல்லாப் பழக்கி விட்டிருக்காங்க."

காஜாக்கா பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள். ஐயோ, பழக்கியது அவள்தானே!

சின்ன வயசில் தம்பிக்குத் திக்குவாய். 'அ' என்று ஆரம்பித்தால் அங்கேயே நிற்பான். முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் அழுகைதான் வெளியே வரும். தெருப் பிள்ளைகள் அவனை மாதிரியே பேசிக் காட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். அவர்களை அடித்துத் துரத்திக் களைத்துப்போன காஜாக்கா, தானும் சின்னப் பெண்தான், தானாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். ஆள்காட்டி விரலைத் தூக்குவாள். விரல் மேலே இருக்கிற வரைக்கும் அவன் மூச்சை இழுத்துப் பிடித்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்க்க வேண்டும். விரல் இறங்கியதும் கடகடவென்று சொல்லிவிட வேண்டும். தப்பினால் தலையில் ஒரு குட்டு.

பலித்தது. போகப்போக விரல் தேவைப்படவில்லை, மூச்சு மட்டும் தங்கிவிட்டது. கட்டின பொண்டாட்டிக்கே அவன் திக்குவாயன் என்று தெரியாது. அவன் அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் மாட்டான், அவ்வளவு வெட்கம்.

மதிய இடைவேளையில் வக்கீலம்மாவை வராந்தாவில் மடக்கி எல்லாவற்றையும் கொட்டினாள். வக்கீலம்மா கையில் இருந்த டீ அப்படியே ஆறியது.

"ஏம்மா, இதை இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே! இதுக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களைச் சாட்சியாப் போட்டிருக்கலாம். இப்ப எப்படிப் போடறது? சாட்சி சொல்ல வேண்டியவங்க கோர்ட்டுக்கு வெளியில இருக்கணும். நீங்க முதல் நாள்லேருந்து முன்னாடி உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டிருக்கீங்க."

"கேட்டா என்ன? காது இருந்தா குத்தமா?"

"கேட்டதுக்குத் தகுந்த மாதிரி கதை கட்டுறீங்கன்னு சொல்வாங்கம்மா."

அப்படியேதான் சொன்னார்கள். இடைவேளை முடிந்து வக்கீலம்மா காஜாக்காவைச் சாட்சியாகப் போட அனுமதி கேட்டுப் பார்த்தாள், அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார், ஜட்ஜ் ஐயாவும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். நிபுணரோ, "பேச்சுல, மூச்சுல ஏதாவது குறை உண்டான்னு முதல்லயே கேட்டோம். இல்லைன்னு சொன்னார்" என்றார். மெஷின் மாட்டுவதற்கு முன்னால் வெட்கத்தில் சொன்ன அந்த ஒரு 'இல்லை'தான், அங்கே அவன் சொன்ன ஒரே பொய். அதை மட்டும் எல்லாரும் நம்பினார்கள்.

ஜட்ஜ் நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியிடமே கேட்டார். "உனக்குத் திக்குவாய்னு சொல்றாங்களேப்பா. நீ என்ன சொல்றே?"

ஹால் முழுக்க அவன் வாயையே பார்த்தது. திக்குடா, என் ராசா, ஒரே ஒரு எழுத்து திக்கினா போதும்டா என்று காஜாக்கா உள்ளுக்குள் மன்றாடினாள். எந்தத் திக்கலுக்காக அவன் தலையில் குட்டினாளோ, அதற்காகவே இப்போது கெஞ்சினாள். தம்பி மிரண்டுபோய் அவள் பக்கம் திரும்பினான். சின்னப் பிள்ளையாக அவன் திரும்பிப் பார்த்த அதே பார்வை.

அவள் கை தானாக உயர்ந்தது. சத்தியமாக அவள் நினைத்துத் தூக்கவில்லை. ஆள்காட்டி விரல் மேலே நின்றது. அவன் மூச்சு நின்றது. விரல் இறங்கியது.

"ஆமாங்கய்யா, சின்ன வயசுலேருந்தே எனக்குத் திக்குவாய். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைச்சுட்டேன்" என்றான். அட்சரம் பிசகவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் சிரிக்கவில்லை. "ஐயா, அந்தம்மா சைகை காட்டினதைப் பாத்தீங்களா? பழக்கி விட்டது யாருன்னு இனி நான் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஜட்ஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வக்கீலம்மா திரும்பி அவளைப் பார்க்கவே இல்லை.

தீர்ப்புக்குத் தேதி போட்டார்கள். அது என்னவாக இருக்கும் என்று பெஞ்சு துடைக்கிறவளுக்கும் தெரியும்.

பின்வாசலில் போலீஸ் வேன் நின்றது. ஏற்றுவதற்கு முன்னால் காவலுக்கு வந்த போலீஸ்காரர் கொஞ்சம் ஒதுங்கி நின்று இடம் கொடுத்தார். காஜாக்கா வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணும்னு செய்யலடா."

அவன் பதில் சொல்ல மூச்சை இழுத்தான்.

"பிடிக்காதே! மூச்சைப் பிடிக்காதேடா. வர்றபடி வரட்டும், பேசு."

எப்போதும்போல இப்போதும் அக்கா சொன்னதைக் கேட்டான். "அ..." என்றான். "அ... அ... அக்..." முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, எத்தனையோ வருஷமாக வராத அது வந்துவிட்டது. "அ... அ..."

காஜாக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். வக்கீலம்மா போயாச்சு. நிபுணரின் கார் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. "ஐயோ, இதைக் கேளுங்களேன்! சார், நீங்களாவது கேளுங்க சார், இவன் பேசறதைக் கேளுங்க!" என்று போலீஸ்காரரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்கவும் செய்தார்.

"கேக்குதும்மா" என்றார். "நான் கேட்டு என்னம்மா ஆகப்போகுது?"