தொண்ணூறாம் நாள் தண்ணீர்

குன்னம் பக்கத்தில் கொளஞ்சியம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. புருஷன் போன பிறகு ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டு, மகள் ஜெயசுதாவை நர்சிங் படிக்க வைத்தவள். நல்லது செய்தவர்களை மறந்தாலும் மறப்பாள், கெடுதல் செய்தவர்களை மறக்கவே மாட்டாள். அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவளிடம் போய் வாலாட்டினான் அவள் கொழுந்தன் குழந்தைவேல். தன் மச்சினனுக்கு ஜெயசுதாவைக் கேட்டான். இவள் முடியாது என்றுவிட்டு, திருமானூர் அமிர்தவல்லியின் மகனுக்கு நிச்சயம் செய்தாள். கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது அமிர்தவல்லி வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறதாம், ஏழு வயதில் மோட்டார் கொட்டகையில் நுரை தள்ளி விழுந்தாளாம். கல்யாணம் நின்றுபோனது. பிள்ளை அன்றைக்கு வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தது உண்மை. நுரையும் வலிப்பும் பச்சைப் பொய். அவள் விழுந்ததைக் கூட இருந்து பார்த்தது மூன்றே பேர்: இவள், செத்துப்போன புருஷன், குழந்தைவேல். அப்புறம் எழுதியது யார், பேயா?

ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது அவன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். மறுநாளே கொளஞ்சியம்மாள் விருத்தாசலம் பஸ் ஏறி, கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிட்டாள். கோர்ட்டில் கிடைக்காத நியாயத்தைத் தொண்ணூறு நாளுக்குள் அந்தச் சாமி கொடுக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அவர்கள் குடும்பத்தில் கூடுதலாக ஒன்றும் சொல்வார்கள். பிராது கட்டியவர் கெடுவுக்குள் எதிராளி கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் பிராது ராஜியாகி ரத்தாகிவிடும். தொண்ணூறாம் நாள் பொழுது சாய்ந்து கெடு தாண்டினால் பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது.

குழந்தைவேலின் போர்வெல் வற்றியது. சோளத்தில் படைப்புழு விழுந்தது. வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகியது. ஒவ்வொன்றாகக் கேள்விப்படக் கேள்விப்பட இவளுக்கு வயிறு குளிர்ந்தது. இதெல்லாம் எந்த மூலைக்கு, இன்னும் வேண்டும் என்று சாமியிடம் முறையிட்டாள்.

தொண்ணூறாவது நாள் திருக்கடையூரில் அவள் அண்ணன் அன்பழகனுக்கு அறுபதாம் கல்யாணம். உறவுக்காரர்கள் வேனில் கிளம்பினார்கள். அமிர்தவல்லி அண்ணன் பெண்டாட்டிக்குச் சொந்தம் என்பதால் அவளும் வந்திருந்தாள். வழிக்குத் தண்ணீர் என் பொறுப்பு என்று மூன்று கட்டு பாட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு குழந்தைவேல் ஏறினான். கொளஞ்சியம்மாளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எமகாதகன்!

பந்தியில் பாயச வாளியோடு அவள் இலைக்கு நேரே வந்து நின்றான். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். தண்ணீரையும் தொடவில்லை. யார் நீட்டினாலும் அது அவன் கை பட்ட பாட்டில்தான். மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளைகூட இப்படி முறுக்கிக்கொண்டதில்லை.

சாப்பாடு முடிந்ததும் தரங்கம்பாடி பக்கம்தானே, கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். வேனை ஊர் வாசலில் நிறுத்திப் பூட்டினார்கள். அவள் பையும் காசும் உள்ளேயே மாட்டிக்கொண்டன, யாரிடமும் கைநீட்ட அவளுக்கு மனசில்லை. மேடு பள்ளம் இல்லாத தெரு. நரை விழுந்தவர்கள்கூடப் பேசிக்கொண்டே நடக்கலாம். ஆனால் மூன்று மணி வெயில், உப்புக்காற்று, காலையிலிருந்து தண்ணீர் இல்லாத தொண்டை.

சீயோன் ஆலயத்து வாசலில் குழந்தைவேல் பாட்டிலை நீட்டினான். அவள் மணிக்கூண்டைப் பார்த்தாள். எதிரே எருசலேம் ஆலயத்து நிழலில் மூடியையும் திறந்து நீட்டினான். அவள் வெயிலுக்கு நகர்ந்தாள். டேனிஷ் கோட்டைக்கு முன்னால் ஓடிப்போய் இளநீர் வெட்டி எடுத்துவந்தான். கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்து தொலைந்தால் வாயில் ஊற்றிவிடுவான் என்ற பயத்திலேயே விழாமல் நடந்தாள்.

கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெயில் தாழக் கடைசியாக மாசிலாமணிநாதர் கோயில். கடல் பாதியைத் தின்றதுபோக மிச்சம் நிற்கிற கோயில். கரையில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். குழந்தைவேல் அவள் முன்னால் மண்டி போடாத குறையாக வந்து நின்றான்.

"அண்ணி, உங்க கால்ல வேணாலும் வுழுவறேன். ஒரு வாய் குடிச்சிடுங்க. பொழுது சாயப் போவுது."

கொளஞ்சியம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். அண்ணன் இருந்தார், ஊர்ச்சனம் இருந்தது, அமிர்தவல்லி இருந்தாள். இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்?

"குடிக்கிறேன். அந்தக் கடிதாசிய எழுதினது யாருன்னு இவங்க அத்தன பேரும் கேக்கச் சொல்லு. இந்தக் கடல் மேல சத்தியமாக் குடிக்கிறேன்."

அவன் நாலு பக்கமும் பார்த்தான்.

"நான்தான் எழுதுனேன். வலிப்பெல்லாம் கெடையாது. பொண்ண எங்களுக்குத் தரலங்கற ஆத்திரத்துல எழுதிட்டேன்."

அமிர்தவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்பழகன் எழுந்து கடைத்தெருப் பக்கம் நடந்தார்.

கொளஞ்சியம்மாள் பாட்டிலை வாங்கினாள். குழந்தைவேலின் முகத்தில் தொண்ணூறு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. அவள் கல் மேல் ஏறி நின்று, பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை கடலில் ஊற்றினாள். மூடியைத் திருகிக் காலிப் பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்தாள்.

"சத்தியம் பண்ணீங்களே அண்ணி..."

"நீ சூடத்த அணைச்சுப் பொய் சொன்ன. நான் கடலக் காட்டிப் பொய் சொன்னேன். ராஜி கெடையாது."

அமிர்தவல்லி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, மறுபடியும் நாள் பார்க்கலாமா என்று கேட்டாள். ஒரு கடிதாசிக்குப் பயந்த வீட்டுக்கு என் பெண் வரமாட்டாள் என்று கொளஞ்சியம்மாள் கடலைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள்.

அன்பழகன் கடையிலிருந்து பன்னீர் சோடா வாங்கி வந்தார். கோயிலுக்குப் பின்னால் சூரியன் இறங்கும் வரை, குழந்தைவேல் பார்க்கப் பார்க்க, அவள் அதை வாய் வாயாகக் குடித்தாள்.